ஒரே இரவில் ஏறிய ஒன்றரைக் கிலோ

எடை குறைக்கத் தொடங்கிய புதிதில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், எடைக்கருவியில் ஏறி வந்த எண்ணை அதில் எழுதுவேன். ஒரு சனிக்கிழமைக்கு நேராக 81.4 என்று இருக்கிறது. அன்று இரவு நண்பர்களோடு வெளியே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 82.9. அந்த எண்ணைப் பேனாவால் அழுத்தி இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறேன். தாளின் மறுபக்கத்தில் இன்றும் தடம் தெரியும். மூன்று வாரம் வாயைக் கட்டியதெல்லாம் ஒரே இரவில் போயிற்று என்று நொந்துபோய், அன்று மாலை வரை எதுவும் சாப்பிடாமல் இருந்தேன்.

வீண் பட்டினி. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர வேண்டுமானால், உடம்பு செலவழிப்பதற்கு மேல் தோராயமாக 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,550. நான் நன்றாகச் சாப்பிடுகிறவன்தான். ஆனாலும் நான்கைந்து நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் உள்ளே தள்ளும் அளவுக்கு இல்லை. அன்று காலை ஏறியிருந்தது கொழுப்பாக இருக்க முடியாது என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்தது முக்கியமாக உப்பு.

எடை குறைக்கிறவர்கள் கலோரியைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள். உப்புக்குக் கலோரியே இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் காலையில் எடைக்கருவி காட்டும் எண்ணை அன்றாடம் ஆட்டிப் படைப்பது கலோரியைவிட உப்புதான். கொழுப்பு நாளுக்குச் சில பத்து கிராம் என்ற வேகத்தில் குறையும். தண்ணீரோ ஒரே நாளில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துக் காட்டுவதைத் தவிர அந்தக் கருவிக்கு வேறு வழி தெரியாது.

உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும் விதம்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உப்பும் சோடியமும் ஒன்றல்ல. சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்த பொருள். அதன் எடையில் சுமார் 40 சதவீதம்தான் சோடியம். ஆகவே 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம், அதாவது 2,000 மில்லிகிராம் இருக்கும். உணவுப் பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். இந்த இரண்டரையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் இருக்கும். கொழுப்புத் திசுவில் நீர் குறைவு என்பதால் பெண்களுக்கு இந்த விகிதம் சற்றுக் குறையும். 42 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே, இரத்தத்தின் திரவப் பகுதியாகவும் திசுக்களின் இடுக்குகளை நனைத்துக்கொண்டிருக்கும் நீராகவும் இருக்கிறது. சோடியத்தின் ஆட்சி இந்த வெளிநீரில்தான். செல்லுக்குள் நுழைந்துவிடும் சோடியத்தை, செல் சவ்வில் இருக்கும் பம்புகள் ஓயாமல் வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

வெளிநீரில் சோடியத்தின் செறிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் உடம்பு மிகவும் கறார். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியத்துக்கு நேரே 135 முதல் 145 வரை என்று ஓர் எல்லை அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு நிறையச் சாப்பிட்டால் இந்த எண் தாறுமாறாக எகிறாது. எகிற உடம்பு விடாது. சமையலில் உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுகிறோம் அல்லவா, அதையேதான் அதுவும் செய்கிறது. செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உணரிகள் கண்டுபிடித்துவிடும். தாகம் எடுக்கும். கூடவே, வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரில் போகவிருக்கும் தண்ணீரைத் திருப்பி அனுப்பும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும். செறிவு பழையபடி ஆகிவிடும். ஆனால் மொத்த நீரின் அளவு கூடியிருக்கும்.

எவ்வளவு கூடும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் வெளிநீரில் சுமார் 3.2 கிராம் சோடியம், உப்பாகச் சொன்னால் 8 கிராமுக்குச் சற்று மேல், கரைந்திருக்கிறது. மருத்துவமனையில் இரத்தக்குழாய் வழியே ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதும் இதையொட்டித்தான். ஆக, வெளியேறாமல் உள்ளே தங்கும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் எடைக்கருவியில் ஒரு கிலோ.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பது பழமொழி. உடலியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: குடித்த தண்ணீரைச் சில நாள் சுமந்தும் ஆக வேண்டும். பழமொழியின் முதல் பாதியிலேயே ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க் கிரகப் பயணத்துக்கு ஒத்திகையாக மாஸ்கோவில் நடந்த சோதனைகளில், மூடிய கூடத்துக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இவ்வளவுதான் உப்பு என்று அளந்து கொடுத்து, சிறுநீரைச் சொட்டு விடாமல் சேகரித்தார்கள். 2017இல் வெளியான முடிவு பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. வாரக்கணக்கில் அதிக உப்பு சாப்பிட்ட காலத்தில் அவர்கள் தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை. சற்றுக் குறைவாகவே குடித்தார்கள். சிறுநீரகம் உப்பை வெளியேற்றிக்கொண்டே தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரு வேளை உப்புச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தாகம் வேறு, மாதக்கணக்கில் பழகிப்போன உப்பு வேறு என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அதே சோதனைகளில் கிடைத்த இன்னொரு தகவல் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. தினமும் ஒரே அளவு உப்பு கொடுத்தும், சிறுநீரில் வெளியேறிய சோடியம் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் இல்லை. ஒரு வார கால அளவில் அது தானாக ஏறி இறங்கியது. கூடத்துக்குள் பூட்டி வைத்து, உப்பை நிறுத்துக் கொடுத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், என் நோட்டில் காரணமே இல்லாமல் 400 கிராம் ஏறிய நாட்களுக்காக நான் ஏன் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும்?

கூடிய உப்பு எப்போது போகும்?

ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. வடிகட்டிய சோடியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். அந்தக் கடைசி ஒரு சதவீதத்தைக் கூட்டிக் குறைப்பதில்தான் உப்பின் சமநிலை அடங்கியிருக்கிறது. அதற்கான முக்கியமான திருகு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். உப்பு குறைந்தால் அது கூடும், சோடியத்தைத் தக்கவைக்கும். உப்பு கூடினால் அது குறையும், சோடியம் வெளியேற வழிவிடும்.

இந்தத் திருகு மெதுவாகத்தான் சுழலும். இன்று இரட்டிப்பு உப்பு சாப்பிட்டால் நாளை காலைக்குள் அத்தனையும் போய்விடாது. இரண்டு மூன்று நாளாகும், சில நேரம் ஐந்து நாள்கூட ஆகும். அதுவரை எண் உயரத்தில் நிற்கும். மறுபக்கம், தினமும் அதே அளவு அதிக உப்பைத் தொடர்ந்து சாப்பிட்டால் எடை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகாது. ஓரிடத்தில் ஏறி அங்கேயே நின்றுவிடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடுவதுதான் காரணம். அதாவது உப்பு எடையை மாற்றுவது, உப்பின் அளவு மாறும்போதுதான்.

எடை குறைக்கத் தொடங்குகிறவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எடைக்கருவி உண்மை பேச வேண்டுமென்றால் உப்பு குறைவாக இருப்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம். குறைவாக இருப்பது இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நல்லது. அது வேறு காரணம், அதுவும் நல்ல காரணம். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான், உப்பை அறவே விட்டால் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை உலவுகிறது. உப்பை விட்டால் கரைவது கொழுப்பு அல்ல.

உப்பு மட்டுமே குற்றவாளி அல்ல

என் ஒன்றரைக் கிலோவுக்கு வருவோம். அது முழுவதையும் உப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அன்று பல வாரங்களுக்குப் பிறகு வயிறு நிறைய மாவுச்சத்தும் சாப்பிட்டிருந்தேன். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. மொத்தமாக 400, 500 கிராம் வரை பிடிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரோடுதான் தங்கும். போதாக்குறைக்கு, மாவுச்சத்து சாப்பிட்டால் சுரக்கும் இன்சுலின், சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும்படி சிறுநீரகத்தைத் தூண்டும். கடைசியாக, சாப்பிட்ட உணவே காலையில் குடலில் பாதி வழியில் இருக்கும். அதற்கும் எடை உண்டு.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டால் என் ஊகக் கணக்கு இப்படி வருகிறது: உப்பு பிடித்த தண்ணீர் 700 கிராம், கிளைகோஜனும் அதன் நீருமாக 600, குடலில் இருந்தது 200. கொழுப்பாக மாறியது, அன்றைய சாப்பாட்டை எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டாலும், நூறு நூற்றைம்பது கிராமுக்கு மேல் இருந்திருக்காது. அதுவும் மறுநாள் பாதி நாள் பட்டினி கிடந்ததில் போயிருக்கும்.

இதே கதையைத் தலைகீழாகப் படித்தால் உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரம் புரிந்துவிடும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் ஏழு நாளில் இரண்டு, மூன்று கிலோ இறங்கியதாக மகிழ்ச்சியோடு சொல்பவர்களைப் பார்க்கிறோம். கிளைகோஜன் கரைகிறது, அதன் தண்ணீர் போகிறது, இன்சுலின் இறங்கியதால் சோடியம் போகிறது, சோடியத்தோடு இன்னும் தண்ணீர் போகிறது. பாக்கெட் உணவையும் வெளிச் சாப்பாட்டையும் விட்டிருந்தால் உப்பும் தானாகக் குறைந்திருக்கும். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்குப் போகக்கூடிய கொழுப்பு ஏறக்குறைய 450 கிராம்தான். மீதியெல்லாம் குளியலறையில் போன கணக்கு. இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் வாரத்தின் மூன்று கிலோவை நம்புகிறவர்தான் நான்காவது வாரத்தில் எண் அசையாதபோது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். முன்னது பொய் என்று தெரிந்தால்தான் பின்னதும் பொய் என்று தெரியும்.

அந்த நான்காவது வாரத்தில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கொழுப்பு வாரத்துக்கு 450 கிராம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. அதே வாரத்தில் புதிதாக எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறீர்கள். வலிக்கிற தசைகளில் பழுது பார்க்கும் வேலை நடப்பதால் அங்கே நீர் சேர்ந்திருக்கிறது. தூக்கம் குறைந்திருக்கிறது, மன உளைச்சல் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களாகவும் இருக்கலாம். அப்போது பலருக்கு நீர் கோத்துக்கொள்ளும், மாதவிடாய் தொடங்கியதும் வடியும். இவை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ தண்ணீரை ஏற்றிவைத்தால், இரண்டு வாரம் இறங்கிய கொழுப்பை அது அப்படியே மறைத்துவிடும். பிறகு ஏதோ ஒரு காலையில், இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழித்தபின், ஒரு கிலோ காணாமல் போயிருக்கும். அன்று ஏதோ அற்புதம் நடந்துவிட்டதாகத் தோன்றும். கொழுப்பு போனது முந்தைய இரண்டு வாரத்தில். நமக்குச் சேதி வந்ததுதான் அன்று.

கடுமையான பட்டினியே நீர் கோக்க வைக்கும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1944, 45ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தலைமையில் 36 ஆண்கள் ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். போரில் பசியால் வாடியவர்களை மீட்பது எப்படி என்று கண்டறியத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். எலும்பும் தோலுமாக ஆனவர்களில் பலருக்குக் கணுக்கால் வீங்கியது, முகம் உப்பியது. தசையும் கொழுப்பும் கரைய, அந்த இடத்தின் ஒரு பங்கைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. யாரும் அந்த அளவுக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் எண் அசையவில்லை என்றதும் சாப்பாட்டை இன்னும் பாதியாகக் குறைக்க நினைப்பவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

வயிறு உப்புசத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அது பெரும்பாலும் குடலில் சேரும் வாயு. பெல்ட்டை ஒரு துளை தளர்த்த வைக்குமே தவிர, எடைக்கருவியை அசைக்காது.

எவ்வளவு உப்பு, எங்கிருந்து?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. உலக சராசரி இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆக, நம்மில் அநேகருக்குக் குறைக்க இடமிருக்கிறது.

எங்கே குறைப்பது என்பது அவரவர் சாப்பாட்டைப் பொறுத்தது. சமையலறையிலேயே பெரும்பாலும் சமைத்துச் சாப்பிடுகிறவர் தம் உப்பு ஜாடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு உப்பைத் தனிக் கிண்ணத்தில் நிறுத்து வைத்து, வாரக் கடைசியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, சாப்பிடும் ஆட்களாலும் ஏழாலும் வகுத்தால் உண்மை வெளிவந்துவிடும். நான் இதைச் செய்து பார்த்தபோது வந்த எண்ணை வீட்டில் யாரும் நம்பவில்லை. இன்னொரு வாரம் நிறுத்த பிறகுதான் நம்பினார்கள். பாக்கெட் உணவை நம்பி வாழ்கிறவருக்கு ஜாடியால் பெரிய பயன் இல்லை. அவருடைய உப்பு ஆலையிலேயே சேர்ந்துவிட்டது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க இரண்டு எண்கள் போதும். 100 கிராமில் சோடியம் 120 மில்லிகிராமுக்குள் இருந்தால் குறைவு. 600ஐத் தாண்டினால் அதிகம். ஒரு தடவைக்கான அளவு என்று சிறிய எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு தடவை என்பது பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும், பாக்கெட்டை அப்படி மூன்றாகப் பங்கிட்டுச் சாப்பிடும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே 100 கிராமுக்கான பத்தியை மட்டும் பாருங்கள்.

நாக்கை நம்பாதீர்கள் என்பது அடுத்தது. உப்புக் கரிக்கும் பண்டத்தில்தான் உப்பு அதிகம் என்று நினைக்கிறோம். சிப்ஸில் உப்பு மேலே தூவியிருப்பதால் நாக்கில் உடனே படுகிறது. ரொட்டியில் உள்ளே பிசைந்திருப்பதால் தெரிவதில்லை. ஆனால் தினமும் நான்கைந்து துண்டு சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்தே கணிசமாகச் சேர்ந்துவிடும். சீஸ், பதப்படுத்திய இறைச்சி, உடனடி சூப், நூடுல்ஸோடு வரும் மசாலாப் பொட்டலம், சாஸ் வகைகள் எல்லாம் இதே ரகம். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஒரு நாள் ஒதுக்கீட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. உணவே அல்லாத இடத்திலும் ஒளிந்திருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் பலவற்றில், நுரைக்க வைப்பதே சோடியம் பைகார்பனேட்தான். அத்தகைய பாராசிட்டமால் ஒன்றில் 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும்.

இந்துப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று மாற்றுவதால் பயன் உண்டா என்று கேட்பார்கள். எல்லாம் கிட்டத்தட்ட அதே சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் காரணமான தாதுக்கள் மிகச் சொற்பம். கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் ஒரு கரண்டிக்கு எடை குறையும், அவ்வளவுதான். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு மட்டும் உண்மையிலேயே வேறு. சிறுநீரக நோய் உள்ளவர்களும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் நண்பன். காய்கறி, பழம், பயறு வகைகளில் அது நிறைய இருக்கிறது. சோடியம் சிறுநீரில் வெளியேற உதவுகிறது. உப்பைக் குறைக்க முடியாத நாளிலும் தட்டில் காய்கறியைக் கூட்ட முடியும்.

குறைக்கும்போது ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். சப்பென்று இருக்கிறது என்று மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிறகு பழைய அளவு கரிக்கத் தொடங்கும். சமையலில் கால் பங்கு குறைத்து, எலுமிச்சை, மிளகு, பூண்டு என்று புளிப்பையும் காரத்தையும் மணத்தையும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. அயோடின் கலந்த உப்பு என்பதில் மட்டும் மாற்றம் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள்

நீர் கோத்திருக்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது ஒன்று. நிறையத் தண்ணீர் குடித்தால் கோத்த நீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது மற்றொன்று. ஆரோக்கியமானவருக்கு இரண்டுமே பொருந்தாது. குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நிறையக் குடித்தால் கூடுதலாகக் குடித்தது மட்டும் தெளிந்த சிறுநீராக வெளியேறும். சோடியம் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும், அது பிடித்துவைத்த நீரும் அப்படியே. தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து. சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்ற முடியாது; மீறினால் இரத்தச் சோடியம் 135க்குக் கீழே சரியும், தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கு இது நேர்ந்திருக்கிறது.

வியர்வை உடை, நீராவி அறை, சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை ஆகியவற்றால் எடை குறைவதும் இதே வகை. எண் குறையும், கொழுப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. அந்த மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தராமல் விழுங்குவது பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தாறுமாறாக்கும். உப்பை அறவே ஒதுக்குவதும் வேண்டாம். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்களுக்கும் வெயிலில் உடலுழைப்பு செய்கிறவர்களுக்கும் ஏற்கனவே சோடியம் அதிகம் வெளியேறிக்கொண்டிருக்கும்; எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதும் சோர்வதும் சில நேரம் அதனால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆரோக்கியமானவருக்கு ஏறி இறங்கும் ஓரிரு கிலோவைப் பற்றியது. அது கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. மோதிரம் கொஞ்சம் இறுகும், காலையில் கண்ணிமை தடித்திருக்கும். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறதா? திசுக்களில் இரண்டரை, மூன்று லிட்டர் நீர் கூடினால்தான் பொதுவாக அப்படி ஆகும். அது உப்புச் சாப்பாட்டின் விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குதல், தலையணை உயரமில்லாமல் படுக்க முடியாமை என்றால் அன்றே போக வேண்டும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறுவது எச்சரிக்கை மணி. ஸ்டீராய்டு, ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள், அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றாலும் வீக்கம் வரும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், வீக்கத்தைச் சொல்லிக் கேட்பது சரி.

நோட்டுப் புத்தகத்தை நான் விட்டுவிடவில்லை, வாசிக்கும் முறையைத்தான் மாற்றினேன். தினமும் எழுதுகிறேன், ஆனால் ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து வருவதை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுகிறேன். மாதவிடாய் வரும் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் சரியாக இருக்கும். மாதம் இரண்டு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பக்கத்தில் குறிக்கிறேன். வெளியே சாப்பிட்ட நாளுக்கு நேராக ஒரு சின்னப் புள்ளி வைக்கிறேன். புள்ளிக்கு அடுத்த மூன்று வரிகள் எப்போதும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். இப்போது அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

அந்தப் பழைய பக்கத்தை இதை எழுதுவதற்காகப் புரட்டினேன். வட்டமிட்ட 82.9க்குக் கீழே திங்கள் 82.6, செவ்வாய் 82.0, புதன் 81.5 என்று இருக்கிறது. வியாழன் 81.1, சனிக்கிழமை காலையைவிட 300 கிராம் குறைவு. அதற்கு நான் வட்டம் போடவில்லை.